நூற்றுக்கு எத்தனை பேர்?
ஒருபால் திருமணம் பற்றிய கருத்துக் கணிப்புகள்: ஒரு மதிப்பீடு

2023-ஆம் ஆண்டின் முற்பாதியில் நம் நாட்டு மக்களின் அபிப்பிராயத்தைப் பற்றி இரண்டு எண்கள் பிறந்தன. ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் மணந்துகொள்வதைச் சட்டம் அனுமதிக்கலாமா என்பது கேள்வி. இந்திய பார் கவுன்சில், மாநில பார் கவுன்சில்களோடு கூடி ஏப்ரல் 23-இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சர்வேயின்படி நாட்டு மக்களில் 99.9 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் இதனை எதிர்க்கிறார்கள் என்று அத்தீர்மானம் கூறிற்று. அமெரிக்காவிலுள்ள பியூ ஆய்வு மையம் ஏறக்குறைய அதே மாதங்களில் இந்தியாவில் மக்களை நேரில் சந்தித்துக் கருத்துக் கேட்டது. அதன் முடிவு: ஆதரிப்போர் 53 சதவிகிதம், எதிர்ப்போர் 43 சதவிகிதம்.

ஒரே நாடு, ஒரே பருவம், ஏறத்தாழ ஒரே கேள்வி. விடைகளோ மலைக்கும் மடுவுக்குமாக நிற்கின்றன. ஒரு நோயாளியின் உடல் வெப்பத்தை ஒரு தெர்மாமீட்டர் 98 என்றும் மற்றொன்று 130 என்றும் காட்டினால் என்ன செய்வீர்கள்? காய்ச்சலைப் பற்றி வாதம் செய்துகொண்டிருக்க மாட்டீர்கள். முதலில் கருவிகளைச் சோதிப்பீர்கள். கருத்துக் கணிப்பும் ஒரு கருவிதான். வாசகர்களே, வாருங்கள், அந்தக் கருவியைப் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு பானைச் சோறு

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பழமொழி. கருத்துக் கணிப்பின் விஞ்ஞானம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. அதன் அபாயமும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துப் பானையின் பதத்தைச் சொல்ல முடிவது ஏன்? பானையில் உள்ள அரிசி ஒரே வகை; தண்ணீரும் கொதியும் எல்லாப் பருக்கைகளுக்கும் ஒரே மாதிரி கிடைத்திருக்கின்றன. மக்கள் அப்படியில்லை. வயது, படிப்பு, மதம், சாதி, ஊர், வருமானம் என்று நூறு வகையாகப் பிரிந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பருக்கை போதாது. எந்தப் பருக்கையும் எடுபடுவதற்குச் சம வாய்ப்புள்ள முறையில் பல பருக்கைகளை எடுக்க வேண்டும். இதனையே புள்ளியியலார் வாய்ப்பு முறை மாதிரி என்கிறார்கள்.

இதில் ஒரு வியப்பு உண்டு. பிழையின் அளவு பெரும்பாலும் மாதிரியின் அளவைப் பொறுத்ததே தவிர, நாட்டின் அளவைப் பொறுத்ததன்று. ஆயிரம் பேரைச் சரியான முறையில் தேர்ந்தெடுத்தால், விடை மேலும் கீழுமாக 3 சதவிகிதப் புள்ளிக்குள் இருக்குமென்று நூற்றுக்கு 95 தடவை நம்பலாம். தென்காசிக்கும் அதே ஆயிரம்தான். இந்தியா முழுமைக்கும் அதே ஆயிரம்தான். ஒரு குவளைச் சாம்பாருக்கும் ஓர் அண்டா சாம்பாருக்கும் ருசி பார்க்க ஒரு கரண்டி போதும் அல்லவா? ஆனால் நன்றாகக் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

மழைமானியை எங்கே வைப்பது?

கலக்காமல் எடுத்தால் என்ன ஆகும்? தென்காசி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து வருகிறது. குற்றாலத்தில் சாரல் ஓயாது. பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் பொங்கி விழுகின்றன. அதே நாட்களில் சங்கரன்கோவில் பக்கம் செம்மண் காய்ந்து கிடக்கும். அங்கே நல்ல மழை என்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். மழைமானிகள் அனைத்தையும் குற்றாலத்திலேயே வைத்துவிட்டு, "மாவட்டம் செழித்துக் கிடக்கிறது" என்று அறிக்கை எழுதினால் எப்படியிருக்கும்? ஒரு மழைமானிக்குப் பதில் ஆயிரம் மழைமானிகளை அங்கேயே வைத்தாலும் தவறு குறையாது. தவறு இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவே.

மனித மழைமானிக்கும் இதே விதிதான். சீசன் காலத்தில் அருவிக்கரையில் நின்று, வருவோர் போவோரிடம் கருத்துக் கேட்டால் கிடைப்பது தென்காசியின் கருத்தன்று. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பயணச் செலவு செய்து வரக்கூடியவர்களின் கருத்தே கிடைக்கும்.

இது கற்பனை எச்சரிக்கையன்று. 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஜனாதிபதித் தேர்தலுக்காக ஏறக்குறைய ஒரு கோடி பேருக்கு அட்டைகள் அனுப்பியது. சுமார் 24 லட்சம் அட்டைகள் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. ரூஸ்வெல்ட் மகத்தான வெற்றி பெற்றார். முகவரிகள் பெரும்பாலும் டெலிபோன் புத்தகங்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அந்த வறுமைக் காலத்தில் அவை வசதி படைத்தோரின் பட்டியல்கள். போதாததற்கு, அட்டை பெற்றவர்களில் நாலில் ஒருவரே பதில் அனுப்பினர். மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு காலப் என்பவர் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். எத்தனை பேர் என்பதைவிட எவர் என்பது முக்கியம் என்ற பாடத்தை உலகம் அன்று கற்றது.

99.9 என்னும் எண்

இப்போது நம் இரண்டு எண்களுக்கு வருவோம். பார் கவுன்சில் தீர்மானத்தில் "சர்வேயின்படி" என்ற சொல் இருக்கிறது. எவருடைய சர்வே, எத்தனை பேரிடம், எந்த மாநிலங்களில், எந்தத் தேதிகளில், என்ன கேள்வி கேட்டு எடுக்கப்பட்டது என்ற விவரம் அதில் இல்லை. விஞ்ஞானத்தின் பார்வையில் இந்த ஒரு குறையே போதும். செய்முறை சொல்லப்படாத சோதனையை எவரும் திரும்பச் செய்து பார்க்க இயலாது. அப்படிப்பட்ட எண்ணை மெய்யென்றும் கூற முடியாது, பொய்யென்று நிரூபிக்கவும் முடியாது.

ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பியூ மையம் அந்த ஆண்டு இந்தியாவில் சந்தித்தவர்கள் 2,611 பேர். 99.9 சதவிகிதத்தினர் எதிர்ப்பது உண்மையானால், இந்த 2,611 பேரில் எதிர்க்காதவர்கள் இரண்டு அல்லது மூன்று பேரே இருக்க வேண்டும். ஆதரிப்பதாகச் சொன்னவர்களோ ஏறத்தாழ 1,380 பேர். பியூ கணிப்பில் எத்தனை கோளாறுகள் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் மூன்று பேர் 1,380 பேராக மாற வழியில்லை.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஆயிரத்துக்கு ஒருவர்கூட மாறுபடாத பொதுப்பிரச்சினை நம் நாட்டில் ஏதேனும் உண்டா? காப்பியா டீயா என்பதில்கூட நமக்குள் அத்தகைய ஒற்றுமை கிடையாது. சமூகக் கேள்வி ஒன்றுக்கு 99.9 என்று விடை வந்தால், சர்வே எடுத்தவர் மக்களைப் பார்ப்பதற்கு முன் தம் கருவியைப் பார்த்திருக்க வேண்டும்.

318 டாக்டர்கள்

அதே ஆண்டு மே மாதத்தில் மற்றொரு சர்வே செய்தித்தாள்களில் வந்தது. ராஷ்டிர சேவிகா சமிதியைச் சார்ந்த சம்வர்த்தினி நியாஸ் என்ற அமைப்பு எடுத்தது. அலோபதி முதல் ஆயுர்வேதம் வரை எட்டு வைத்திய முறைகளைச் சேர்ந்தோரிடமிருந்து 318 பதில்கள் கிடைத்தன என்றும், ஏறக்குறைய 70 சதவிகித டாக்டர்கள் தன்பால் ஈர்ப்பை ஒரு கோளாறாகக் கருதுகிறார்கள் என்றும் அது தெரிவித்தது. முந்திய எண்ணோடு ஒப்பிட்டால் இது ஒரு படி மேல். எத்தனை பதில்கள் என்றாவது சொல்லியிருக்கிறார்கள். வாய்ப்பு முறையில் பொறுக்கிய 318 பேராக இருந்தால், பிழை மேலும் கீழும் 5.6 புள்ளி அளவில் இருக்கும். தாமாகப் பதில் அனுப்பியவர்கள் மட்டும் என்றால், அந்தக் கணக்கே செல்லாது.

ஆனால் இங்கே மாதிரியைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஒன்று நோயா இல்லையா என்பது வாக்கெடுத்து அறியும் விஷயமன்று. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயன்று என்று 2018-இல் வெளிப்படையாக அறிவித்தது. ஆகவே 70 சதவிகிதம் என்ற எண் நமக்குத் தன்பால் ஈர்ப்பைப் பற்றி எதுவும் கூறவில்லை. மருத்துவக் கல்வி எட்டாத இடங்களைப் பற்றி வேண்டுமானால் கூறலாம். அபிப்பிராயத்தை அளக்கும் கருவியால் உண்மையை அளக்கலாகாது.

53-க்கும் குறைகள் உண்டு

இனி 53-ஐ எடுத்துக்கொள்வோம். நமக்குப் பிடித்த எண்ணைச் சோதிக்காமல் விட்டுவிட்டு, பிடிக்காத எண்ணை மட்டும் சோதிப்பது விஞ்ஞான மனப்பான்மையாகாது.

2,611 பேருக்குப் பிழை வரம்பு கணக்குப்படி சுமார் 2 புள்ளி. நடைமுறையில் இது இன்னும் அதிகம். காரணம், பேட்டியாளர்கள் நாடெங்கும் தனித்தனி வீடுகளைத் தேடிப் போவதில்லை. சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே பல வீடுகளுக்குப் போகிறார்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் பல விஷயங்களில் ஒரே மாதிரி நினைப்பார்கள்.

அடுத்தது காலத்தோடு ஒப்பிடுதல். "தன்பால் ஈர்ப்பைச் சமூகம் ஏற்க வேண்டுமா?" என்று பியூ மையம் 2014-இல் கேட்டபோது 15 சதவிகித இந்தியர் ஆம் என்றனர். 2019-இல் அது 37 ஆயிற்று. இடையில், 2018 செப்டம்பர் 6-இல், இது குற்றமன்று என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருந்தது. 2023-இன் 53-ஐ இந்த வரிசையில் மூன்றாவது படியாக வைத்துப் பேசுவோர் உண்டு. அது தவறு. முதல் இரண்டும் ஒரு கேள்வி. மூன்றாவது வேறு கேள்வி. பாலைப் படியாலும் பருத்தியைத் தராசாலும் அளந்துவிட்டு, எது கூடியது என்று கேட்கக் கூடாது.

மேலும் டில்லியிலுள்ள சி.எஸ்.டி.எஸ். நிறுவனத்தின் லோக்நிதி பிரிவு 2016-இல் இளைஞர்களிடம் எடுத்த கணிப்பில், தன்பால் உறவை ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் நான்கில் ஒருவரே. இளைஞர்கள் எல்லாரும் ஒரு பக்கம் என்ற எளிய நம்பிக்கைக்கு அது இடம் தரவில்லை. பாதிக்குப் பாதி என்று 53 காட்டுவதை உறுதியான பெரும்பான்மை என்று கொண்டாடுவதைவிட, நாடு இக்கேள்வியில் பிளவுபட்டிருக்கிறது என்று வாசிப்பதே முறை. ஒன்று மட்டும் தெளிவு: எதிர்ப்பு ஒருமனதானதன்று.

நம் மாவட்டத்தின் பங்கு

53 என்பது தென்காசிக்கும் பொருந்துமா? 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி இம்மாவட்டப் பகுதியில் வாழ்வோர் ஏறத்தாழ 14 லட்சம். நாட்டின் 140 கோடியில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே 2,611 பேரில் விகிதப்படி நம் பங்கு இரண்டரைப் பேர்! செங்கோட்டையில் ஒருவர், ஆலங்குளத்தில் ஒருவர், சிவகிரியில் அரை ஆள். இந்த இரண்டரைப் பேரை வைத்துக்கொண்டு "எங்கள் ஊரில் இப்படி" என்று எவராலும் பேச முடியாது. 53-ஐயும் நம் ஊர் மேல் ஏற்றக் கூடாது, 99.9-ஐயும் ஏற்றக் கூடாது.

முறையாக அறிய வேண்டுமானால் என்ன செய்வது? மாவட்டத்தின் எட்டுத் தாலுகாக்களிலும் ஊர்களையும் வார்டுகளையும் மக்கள் தொகைக்கு ஏற்பக் குலுக்கி எடுக்க வேண்டும். அங்கே வீடுகளையும், வீட்டுக்குள் ஒருவரையும் குலுக்கலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிட்டுப் போகக் கூடாது. பகல் பதினொரு மணிக்குப் போனால் யார் இருப்பார்கள்? கடையம், ஆலங்குளம் பக்கத்து வீடுகளில் பீடி சுற்றும் பெண்களும் முதியோரும் இருப்பார்கள். வேலைக்குப் போனவர்களைக் காண மாலையில் மறுபடியும் போக வேண்டும். கடையநல்லூரிலோ, குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் இருக்கக்கூடும்.

பக்கத்து வீட்டுக் காது

ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று, இனிக் கேள்வி. திண்ணையில் முறத்தை மடியில் வைத்து நான்கு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் சொல்வது அவள் மனமா, மற்ற மூவரின் காதுகளா? மாமியார் அருகில் இருக்கையில் மருமகள் சொல்லும் பதிலும் இப்படியே. எதிர்ப்பவர் நகரத்துப் பேட்டியாளர் முன் நாகரிகத்துக்காக ஆம் என்பதும் உண்டு; ஆதரிப்பவர் ஊருக்குப் பயந்து இல்லை என்பதும் உண்டு.

இதற்கு ஓர் அழகான உபாயம் இருக்கிறது. மக்களைக் குலுக்கலில் இரண்டு பிரிவாக்குவார்கள். முதல் பிரிவினரிடம் நான்கு வாக்கியங்கள் தரப்படும்: பீடிக் கூலி உயர வேண்டும், பள்ளிகளில் காலை உணவு தொடர வேண்டும், இப்படி. "எவற்றை ஏற்கிறீர்கள் என்று சொல்ல வேண்டாம், எத்தனையை ஏற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்பார்கள். இரண்டாம் பிரிவினருக்கு அதே நான்கோடு ஐந்தாவதாக நம் கேள்வியையும் சேர்ப்பார்கள். முதல் பிரிவின் சராசரி 2.6, இரண்டாவதன் சராசரி 3.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.4, அதாவது 40 சதவிகிதம் பேர் ஐந்தாவதை ஏற்கிறார்கள். எந்தத் தனி மனிதரின் இரகசியமும் வெளிப்படவில்லை, ஊரின் மனம் மட்டும் தெரிந்துவிட்டது! இம்முறைக்கு மாதிரி பெரிதாக வேண்டும் என்பதே குறை.

சொற்களும் விடையை மாற்றும். "ஓரினச் சேர்க்கை" என்றால் கேட்பவர் மனத்தில் உடலுறவு முன்னே வந்து நிற்கிறது. "தன்பால் ஈர்ப்பு" என்றால் மனிதர் வந்து நிற்கிறார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முயற்சியால் 2022 ஆகஸ்டில் தமிழக அரசிதழில் ஒரு சொற்பட்டியலே வெளியிடப்பட்டது. "கல்யாணம்" என்ற சொல்லும் அப்படித்தான். நம் ஊரில் அது தாலி, சீர், மொய், இரு வீட்டு உறவு எல்லாம் சேர்ந்தது. சட்டத்தின் முன் உள்ள கேள்வி வேறு: ஆஸ்பத்திரியில் ஒருவருக்காக மற்றவர் கையெழுத்திடலாமா? ஒருவர் இறந்தால் மற்றவருக்கு வாரிசுரிமை உண்டா? இவற்றைத் தனித்தனியே கேட்காமல் "கல்யாணத்தை ஏற்கிறீர்களா?" என்று மொத்தமாகக் கேட்டால், எதற்குப் பதில் வந்தது என்று எப்படி அறிவது?

எண்கள் என்ன செய்கின்றன?

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2023 அக்டோபர் 17-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் அமர்வு, திருமணம் அடிப்படை உரிமையன்று, சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்தின் வேலை என்று தீர்ப்புக் கூறியது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. பாராளுமன்றமோ மக்களின் நாடியைப் பார்த்து நடக்கும் இடம். அந்த வழக்கில் மத்திய அரசு இக்கோரிக்கையை நகர மேல்தட்டினரின் கருத்து என்று வர்ணித்தது. அதற்குப் புள்ளி விவரம் எங்கே என்று தலைமை நீதிபதி சந்திரசூட் கேட்டார். ஆகவே நாடியைப் பிடிக்கும் கை நடுங்கக் கூடாது.

தவறான எண் வேறொரு தீங்கும் செய்கிறது. தாம் சிறுபான்மை என்று நினைப்பவர் வாய் மூடுகிறார். அவர் மூடுவதால் மற்றவரும் தாம் தனியென்று நினைத்து மூடுகிறார். ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் எலிசபெத் நோயல்-நோய்மான் 1974-இல் இதற்கு மௌனச் சுழல் என்று பெயரிட்டார். புளியங்குடியிலோ பாவூர்சத்திரத்திலோ தன் மனத்தை எவரிடமும் சொல்ல முடியாத ஓர் இளைஞன் 99.9 என்ற எண்ணைப் படித்தால் என்ன முடிவுக்கு வருவான்? தன்னைச் சுற்றி ஒருவர்கூட இல்லை என்றல்லவா? அளவுகோல் இங்கே அளப்பதோடு நிற்கவில்லை. அளக்கப்படும் பொருளையே வளைக்கிறது.

கருத்துக் கணிப்பு சரியாகவே எடுக்கப்பட்டாலும் அதன் எல்லை எது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதை 1958-இல் அமெரிக்கர்களில் 4 சதவிகிதம் பேர் மட்டுமே ஏற்றதாகக் காலப் கணிப்பு கூறியது. 1967-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடைகளை நீக்கியபோதும் பெரும்பான்மை எதிர்ப்பாகவே இருந்தது. 2021-இல் ஆதரவு 94 சதவிகிதம். நம் தமிழ்நாட்டிலும், புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று 1950-களில் தீர்ப்பு வந்தது; 1967-இல் சட்டசபை திருத்தம் கொண்டுவந்து அவற்றைச் செல்லுபடியாக்கியது. அதற்காக நூற்றுக்கு எத்தனை பேர் அப்படி மணக்கிறார்கள் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அபிப்பிராயம் கல்லில் செதுக்கியதன்று. 2021-இல், பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுவந்த இரு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இவ்விஷயத்தில் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மனநல நிபுணரிடம் பாடம் கேட்டபின் தீர்ப்பெழுதினார். பாடத்துக்கு முன் ஒரு சர்வே, பின் ஒரு சர்வே என்று அவரிடமே எடுத்திருந்தால் இரு வேறு விடைகள் கிடைத்திருக்கும். அறிந்தபின் சொல்லும் கருத்துக்கும் அறியாமல் சொல்லும் கருத்துக்கும் கணிப்பு ஒரே மதிப்பெண் போடுகிறது.

கடைசியாக ஒரு கணக்கு. 99.9 சதவிகிதம் என்பது உண்மையே என்று வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். மீதி 0.1 சதவிகிதம். 140 கோடியில் அது 14 லட்சம். தென்காசி மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகை! செங்கோட்டை முதல் திருவேங்கடம் வரை வாழும் அத்தனை பேரையும் "மிகச் சிலர்" என்று ஒதுக்கிவிட நாம் சம்மதிப்போமா?

இனி எந்தக் கருத்துக் கணிப்பைப் படித்தாலும், வாசகர்களே, ஐந்து கேள்விகள் கேளுங்கள். யார் எடுத்தது? எவரிடம், எப்படித் தேர்ந்தெடுத்து? என்ன சொற்களில்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? இது அபிப்பிராயத்தால் தீர்க்கக்கூடிய விஷயம்தானா? இவற்றுக்கு விடை தராத எண் எவ்வளவு பெரிதாயிருந்தாலும், அதற்கு நீங்கள் அசைந்து கொடுக்க வேண்டியதில்லை.